கடல் கண்ட குண்டு

இருங்கோ பிள்ளை. அந்தக் கதிரை வேண்டாம், அதின்ரை ஒரு கால் ஆடும். இதிலை இருங்கோ.

சனசமூக நிலையத்தின்ரை நூறாண்டு மலருக்கு, வானத்துக்கு விடுற கடதாசிப் புகைக்குண்டின்ரை வரலாறு எழுத வந்திருக்கிறியள். மூண்டு நாளாய் வீடு வீடாய்ப் போறியள். முந்தநாள் செயலாளர் சுகிர்தன் உங்களைக் கூட்டிக்கொண்டு என்ரை வாசல் படலையைக் கடந்து போனவன். கடக்கேக்கை குரலைக் கூட்டி ஏதோ பகிடி சொன்னவன், நீங்கள் இந்தப் பக்கம் திரும்பக் கூடாதெண்டு. எனக்குக் கண் தான் மங்கல். காது அப்பிடியே இருக்கு. இண்டைக்கு உங்கடை செருப்புச் சத்தம் தனியக் கேட்டுது, அதாலை கூப்பிட்டனான்.

அவன் தந்த பட்டியலிலை என்ரை பேர் இருக்கோ எண்டு பாருங்கோ. வேலும்மயிலும். மேலைத்தெரு.

இல்லைத் தானே. சொல்லத் தேவையில்லை, நீங்கள் தாளைப் பிரட்டின சத்தத்திலை விளங்கிட்டுது. தேடுறவை மெல்லப் பிரட்டுவினம்.

பறவாயில்லை. நான் கோவிக்கேல்லை. கோவிக்கிற வயசு போயிட்டுது. நான் கேக்கிறது ஒரே ஒரு வரி. எழுபத்தெட்டாம் ஆண்டு தீர்த்தத் திருவிழாவிலை இருநூற்றி நாப்பது தாளிலை கட்டின குண்டை ஏத்தினவர் மேலைத்தெரு வேலும்மயிலும், அந்தக் குண்டு கடல் கண்டது. அவ்வளவும் தான். அதுக்கு முதலும் அந்த அளவு குண்டு இல்லை, பிறகும் இல்லை. இருநூற்றி நாப்பது தாள். இப்பவே எழுதுங்கோ, பிறகு மறந்திடுவியள்.

இனி வரலாறு கேளுங்கோ. இந்தக் குண்டு எங்கடை ஊருக்கு எப்பிடி வந்தது எண்டு கீழைத்தெருவார் உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பினம். சபாநாதன் வாத்தியார்ரை தகப்பன் ஒரு இங்கிலீசுப் புத்தகத்திலை படம் பார்த்துச் செய்தவராம். படம் பார்த்து. படத்தைப் பார்த்துச் சோறு ஆக்கலாமோ பிள்ளை? என்ரை அப்பாவின்ரை பெரியப்பா தண்டையல் சுப்பர், தண்டையல் எண்டால் பாய்க்கப்பலுக்குத் தலைவன், அவர் அரிசி ஏத்த பர்மாவுக்குப் போய் வந்தவர். அங்கை ஒரு திருவிழாவிலை சனம் கடதாசியாலை வீடளவு கூடு செய்து, அடியிலை நெருப்பு வைச்சு வானத்துக்கு அனுப்பினதைக் கண்டவர். வரேக்கை அரிசியோடை அந்த வித்தையையும் ஏத்திக்கொண்டு வந்தவர். இது கப்பல்காரர் ஊர். பாய் மறையுமட்டும் கரையிலை நிண்டு பார்த்துப் பழகின சனம். அதுகளுக்கு இதுவும் நிண்டு பார்க்கிற ஒரு சாமான். அப்பிடித் தான் பிடிச்சது. அவையின்ரை கதையையும் எழுதுங்கோ, வேண்டாம் எண்டு சொல்லேல்லை. எங்கடைக்குக் கீழை எழுதுங்கோ.

கட்டுறது எப்பிடியெண்டு தெரியுமோ? ரிசுத்தாள் எண்டு ஒரு மெல்லிய கடதாசி, மூச்சு விட்டாலே நடுங்கும். அதை ஒண்டோடை ஒண்டு ஒட்டி, ரெண்டு முனையும் ஒடுங்கி நடு அகண்ட நீளத் துண்டாய் வெட்டோணும். பிறகு துண்டுகளை விளிம்போடை விளிம்பு வைச்சுக் கோதுமைமாப் பசையாலை ஒட்டி வர, உள்ளுக்கு வெறுமையாய் ஒரு பெரிய உருண்டை வரும். அடியிலை வாய். வாய்க்குக் கம்பி வளையம். வளையத்துக்குக் குறுக்கை ரெண்டு கம்பி, நடுவிலை எண்ணெய் குடிச்ச துணிப்பந்து. அதைத் திரி எண்டு சொல்லுவம். கடற்கரை மணலிலை கிடங்கு வெட்டி, ஓலையும் காய்ஞ்ச பனங்கொட்டை ஊமலும் போட்டு மூட்டி, அடி இல்லாத பீப்பா ஒண்டாலை புகையை மேலை எடுத்துக் குண்டின்ரை வாய்க்குள்ளை விடுறது. உச்சியை எட்டுப்பேர் தடியாலை தாங்கிக்கொண்டு நிப்பினம். நிரம்பத் தொடங்கேக்கை தாள் சரசரவெண்டு பறையும். நிரம்பி முடிஞ்சால் அந்தச் சத்தம் நிக்கும். மற்றவை கண்ணாலை பார்ப்பினம். நான் காதாலை தான். சத்தம் நிண்டால் திரியைக் கொளுத்தி வளையத்தை விட வேண்டியது. அந்த வளையத்தைப் பிடிச்சு விடுறவன் தான் வாய் பிடிக்கிறவன். எல்லாற்றை கண்ணும் அவனிலை.

ஆனால் சத்தம் நிண்ட உடனை விடுறதெண்டும் இல்லை. அதுக்கொரு முறை இருக்கு. எங்கடை ஊருக்குக் கடல் வடக்கை. பின்னேரம் கடலிலை இருந்து காத்து ஊருக்குள்ளை வரும். பொழுது பட அது சாகும். கொஞ்ச நேரம் ஒரு இலையும் ஆடாது. அதுக்குப் பிறகு தரைக்காத்து எழும்பி ஊரிலை இருந்து கடலுக்குப் போகும். அந்தக் காத்துக்குத் தான் குண்டு விடுறது. ஏனெண்டு விளங்கும் தானே. அந்த நாளிலை எல்லாம் தென்னோலைக் கிடுகுக் கூரை, பனையோலை வேலி. எரியிற திரியோடை ஒரு குண்டு ஊருக்குள்ளை இறங்கினால் பிறகு பேசி வேலையில்லை.

அதாலை முதலிலை எட்டுத் தாளிலை ஒரு குட்டிக் குண்டை விடுவம். அதுக்குப் பேர் தூதன். முருகுப்பிள்ளையர் எண்டு ஒரு பழைய கடலோடி இருந்தவர், தூதனை விடுறது அவர்ரை உரிமை. தூதன் கடலுக்குப் போனால் பெரியது போகலாம். ஊர்ப்பக்கம் திரும்பினால் பொறுக்கோணும், ஒரு மணித்தியாலமோ ரெண்டோ. முருகுப்பிள்ளையர் தலை ஆட்டாமல் ஒருத்தரும் வளையத்தை விடுறேல்லை. பெரிய குண்டு கடலுக்கு மேலாலை போய்க் கண்ணுக்கு மறைஞ்சுதெண்டால் அது கடல் கண்டது. கடல் கண்ட குண்டுக்கு வாய் பிடிச்சவன் அடுத்த வருஷமும் பிடிப்பான், கேள்வியில்லை. அடுத்த நாள் அம்மன் கோயிலிலை மரியாதைக்குக் குடுக்கிற முதல் காளாஞ்சித் தட்டும் அவன்ரை கையிலை தான்.

எழுபத்தெட்டிலை எனக்கு முப்பத்தொரு வயசு. கீழைத்தெருவார் மூண்டு வருஷமாய்த் தொடர்ந்து கடல் கண்டு கொண்டிருந்தினம். சபாநாதன் வாத்தியார் தான் வாய். சந்தையிலை என்னைக் கண்டால், “என்ன வேலும்மயிலும், இந்த முறை எங்கடை குண்டுக்குத் தடி பிடிக்க வாறீரோ?” எண்டு கேப்பார். மரியாதையாய்த் தான் கேப்பார். அது தான் கூட எரியும். அந்த வருஷம் நான் நினைச்சன், இனி ஒருத்தரும் எட்ட ஏலாத ஒண்டு செய்யோணும் எண்டு.

இருநூற்றி நாப்பது தாளை வைச்சுக் கட்டுறதுக்கு எங்கடை வீட்டிலை இடமில்லை. என்ரை தங்கச்சி பூரணத்தின்ரை புருஷன் அருளம்பலம் அப்ப தான் கடற்கரையின்ரை மேற்குப் பக்கத்திலை புதுசாய் ஒரு வாடி போட்டிருந்தவன். வலையும் வள்ளமும் மெசினும் வைக்கிற கொட்டில், நல்ல நீளம், புதுக் கிடுகு. அவனைக் கேட்டன். அருளம்பலம் பத்துக் கேள்விக்கு ஒரு மறுமொழி சொல்லுற ஆள். வலையையும் மெசினையும் ஒரு மூலைக்கு ஒதுக்கி, வள்ளத்தை வெளியிலை இழுத்து விட்டிட்டு, வாடியைக் கூட்டித் தந்தவன். மூண்டு மாசம் அந்த வள்ளம் வெய்யிலிலை கிடந்தது.

பசை முழுக்கப் பூரணம். அவள் பூசின விளிம்பு பிரியாது பிள்ளை, இப்பவும் சொல்லுவன். ரெண்டு பிள்ளையளையும் பாயிலை விட்டிட்டுக் குனிஞ்ச தலை நிமிராமல் ஒட்டுவாள். பாட்டு ஒண்டு முணுமுணுப்பாள். நல்ல குரல். பகிடி எண்டால் அவளுக்கு உயிர். “அண்ணை, இது மேலை போகேக்கை உங்களையும் தூக்கிக்கொண்டு போனால் அண்ணிக்கு நான் என்ன சொல்லுறது?” எண்டு கேப்பாள். “அண்ணி கேக்க மாட்டா, நிம்மதியாய் நித்திரை கொள்ளுவா” எண்டு தானே மறுமொழியும் சொல்லுவாள்.

திரி நான் கட்டினனான். வழமையாய் ஒரு தேங்காய் அளவு. நான் ரெண்டு தேங்காய் அளவுக்குக் கட்டினன், தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு இரவு ஊற விட்டன். அருளம்பலம் வந்து பார்த்தவன். “மச்சான், திரி பெரிசு” எண்டவன். “குண்டும் பெரிசு தானே” எண்டன். அதுக்குப் பிறகு அவன் ஒண்டும் சொல்லேல்லை. அந்தத் திரியைப் போல ஒண்டு பிறகு ஒருத்தரும் கட்டேல்லை. மற்றவையின்ரை திரி வானத்திலையே அணைஞ்சிடும். என்ரை நிலத்திலை வந்து விழுந்தாலும் எரியும். அப்பிடிக் கட்டு. அதையும் எழுதுங்கோ.

தீர்த்தத்தண்டு பின்னேரம் கடற்கரை முழுக்கச் சனம். உதவி அரசாங்க அதிபர் ஜீப்பிலை வந்து முன் கதிரையிலை இருக்கிறார். முதல் முறை கீழைத்தெருவாருக்கு. நூற்றெண்பது தாள். வாத்தியார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு வளையத்தைப் பிடிச்சார். அவையின்ரை பெடியள் கிடங்கிலை ஓலையைக் கூடப் போட்டிட்டாங்கள். புகையோடை சுவாலையும் பீப்பாவாலை ஏறி, குண்டின்ரை வாயிலை பிடிச்சு, நிலத்திலை நிண்டபடியே பக்கெண்டு எரிஞ்சு போச்சு. ஒரு முழம் எழும்பேல்லை. வாத்தியார்ரை மீசையிலை பாதி பொசுங்கிப் போச்சு. மறுநாள் மற்றப் பாதியையும் வழிச்சுப் போட்டுத் தான் பள்ளிக்கூடம் போனவர். பிள்ளையளுக்கு ஆரெண்டு அடையாளம் தெரியேல்லை. அண்டைக்கு எங்கடை ஊர் வானத்திலை ஏறினது ஒரே ஒரு குண்டு. என்ரை குண்டு. நாப்பத்தஞ்சு வருஷமாய்க் கீழைத்தெருவார் அந்தக் கதை வந்தால் எழும்பிப் போயிடுவினம்.

பிறகு எங்கடை முறை. கிடங்கு மூட்டியாச்சு. முருகுப்பிள்ளையர் தூதனை விட்டார். ஏறினது. பனையுயரம் ஏறினது. அதுக்குப் பிறகு கொஞ்சம் மேற்காலை வளைஞ்சது. வளைஞ்சது எண்டு தான் நான் சொல்லுவன். திரும்பினது எண்டு சொல்லேலாது. கிழவர் பார்த்துக்கொண்டு நிண்டிட்டு, “கடல்காத்து இன்னும் சாகேல்லை, பொறு மோனை” எண்டார். நான் பொறுத்தன். பொறுக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. எவ்வளவு நேரம் பொறுத்தனோ, ஆருக்குத் தெரியும். குண்டு நிரம்பி நிக்குது. தாளின்ரை சத்தம் நிண்டிட்டுது. வளையம் கையை அறுக்குது, கயிறு கட்டின ஆட்டுக்கடா மாதிரி இழுக்குது. உதவி அரசாங்க அதிபர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சாரதி ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிற சத்தம் எனக்குக் கேக்குது. மூண்டு மாசம் பிள்ளை. மூண்டு மாசத்தை அவர் பார்க்காமல் ஜீப்பிலை ஏறிப் போறதோ?

கிழவர் தலை ஆட்டினவரோ எண்டு கேப்பியள். கிழவருக்கு எப்பவும் தலை ஆடும். வயசு தானே.

விட்டன்.

அது ஏறின ஏத்தம், நான் என்ன சொல்லுறது. சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு கோயில் எழும்பிப் போற மாதிரி. அவ்வளவு சனமும் அண்ணாந்து பார்த்தது. பிறகு ஒரே கை தட்டல். மேலைத்தெருப் பெடியள் என்னைத் தூக்கித் தோளிலை வைச்சு ஆடத் தொடங்கிட்டாங்கள். உதவி அரசாங்க அதிபர் கதிரையாலை எழும்பி வந்து கை தந்தவர். கை மெத்தெண்டு இருந்தது.

கடலுக்குப் போனதைக் கண்டனானோ எண்டு கேக்கிறியள். தோளிலை இருக்கிறவன் விழாமல் இருக்கப் பார்ப்பானோ வானத்தைப் பார்ப்பானோ? கண் நிறையப் புகை வேறை. ஆனால் கை தட்டினது எல்லாருக்கும் கேட்டது தானே. ஊருக்குள்ளை போற குண்டுக்குச் சனம் கை தட்டுமோ? யோசியுங்கோ. கொஞ்ச நேரத்தாலை கை தட்டல் நிண்டுது. பெடியளும் என்னை இறக்கி விட்டிட்டாங்கள். களைச்சிருப்பாங்கள். நான் அந்த நாளிலை நல்ல பாரம்.

வாடி எரிஞ்ச கதை வேறை. அதைக் குண்டுக் கதைக்குள்ளை கொண்டு வராதேங்கோ.

ஆர் சொன்னது உங்களுக்கு? கீழைத்தெருவிலையோ? சரி, கேட்டபடியால் சொல்லுறன். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அண்டைக்குப் பொழுது பட அருளம்பலத்தின்ரை வாடி எரிஞ்சது. ஓடிப் போகேக்கை கூரை விழுந்திட்டுது. வலை, மெசின், எல்லாம். வள்ளமும் போச்சு, அண்டைக்குக் காலமை தான் குண்டை வெளியிலை எடுத்துப்போட்டு வள்ளத்தை உள்ளுக்கு இழுத்து விட்டவன். பூரணத்தின்ரை தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை முழுக்க அந்த வலையிலையும் மெசினிலையும் தான் இருந்தது. எனக்கு வயிறு எரியாதோ? என்ரை கூடப் பிறந்தவள்.

ஆனால் அது விளக்காலை பிடிச்ச நெருப்பு. நான் சொல்லேல்லை, அருளம்பலமே பொலிசுக்குச் சொன்னவன். அடுத்த நாள் பொலிசு வந்து, “ஆரிலையும் சந்தேகம் இருக்கோ?” எண்டு கேட்டுது. “இல்லை ஐயா, நான் வைச்ச விளக்குத் தட்டுப்பட்டுப் போச்சு” எண்டவன். கையெழுத்தும் வைச்சவன். நான் பக்கத்திலை தான் நிண்டனான். என்னைத் திரும்பிப் பார்க்கேல்லை, பொலிசுக்காரன்ரை தொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னவன். வாடிக்குள்ளை அவன் ஒரு நாளும் விளக்கு வைச்சதில்லை, குண்டு கட்டேக்கை எங்களையும் வைக்க விட்டதில்லை, டோர்ச் தான். எண்டாலும் அண்டைக்கு வைச்சிருப்பான். தீர்த்தம் தானே. வைக்காதவன் ஏன் வைச்சதெண்டு சொல்லப் போறான்? நான் அப்பவே சனத்துக்குச் சொன்னனான், அவனே கையெழுத்து வைச்சிட்டான், இனி ஒருத்தரும் வாய் திறக்கத் தேவையில்லை எண்டு. ஒருத்தரும் திறக்கவும் இல்லை.

வள்ளம் இல்லாதவன் என்ன செய்யிறது. மற்றவையின்ரை வள்ளத்திலை கூலிக்குப் போனவன். அந்த ஐப்பசியிலை, வாடைக்காத்துத் தொடங்கி மற்றவை கரையிலை இழுத்து விட்டிட்டு இருக்கேக்கை, வெளியூரிலை இருந்து வந்த ஒருத்தன்ரை வள்ளத்திலை ஏறிப் போனவன். மூண்டு பேர் போனது. ஒருத்தரும் வரேல்லை. நான் சொல்லியிருப்பன், போகாதை எண்டு. என்னட்டைக் கேட்டாத் தானே.

செத்த வீட்டுக்குப் போனன். பிரேதம் இல்லாத செத்த வீடு. பூரணம் நிலத்திலை இருந்தவள். “அழாதை பிள்ளை, அண்ணை இருக்கிறன்” எண்டு சொன்னன். அவள் எழும்பி உள்ளுக்குப் போயிட்டாள். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. அது தான் நான் அவளைக் கிட்ட நிண்டு பார்த்த கடைசி. அரிசி அனுப்பினன், மூட்டை கட்டினபடி திரும்பி வந்தது. தீபாவளிக்கு உடுப்பு அனுப்பினன், வந்தது. மூத்தவளின்ரை கலியாணத்துக்கு ஊர் முழுக்கச் சொன்னாள், தாய்மாமன் எனக்கில்லை. ஒரு சண்டை பிடிச்சாளோ, இல்லை. ஒரு சொல்லு ஏசினாளோ, இல்லை. ஏசியிருந்தால் நானும் ரெண்டு சொல்லி அது அண்டைக்கே முடிஞ்சிருக்கும். மூண்டு வீடு தள்ளித் தான் இருக்கிறாள். பேரப்பிள்ளையளோடை சிரிச்சுக் கதைக்கிறது எனக்கு இஞ்சை கேக்கும். நான் ஒழுங்கையாலை போனால் அந்தச் சத்தம் நிக்கும்.

அடுத்த வருஷத் தீர்த்தம் வந்தது. முறைப்படி வாய் எனக்குத் தானே. புது வேட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனன். வளையத்தை வேறை ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், மேலைத்தெருப் பெடியன் தான், எனக்குத் தடி பிடிச்சவன். நான் முருகுப்பிள்ளையரைப் பார்க்கிறன். அவர் கடலைப் பார்க்கிறார். நான் மற்றவையைப் பார்க்கிறன். எல்லாரும் கடலைப் பார்க்கினம். அண்டைக்குக் கடலிலை ஒரு கப்பலும் இல்லை. ஏன் எனக்கில்லை எண்டு ஒருத்தன் சொல்லேல்லை. சொன்னால் தானே நான் மறுமொழி சொல்லலாம். முதல் காளாஞ்சியும் எனக்குத் தரேல்லை. ஐயர் தட்டைக் கொண்டு வந்து எனக்குக் கிட்ட நிண்டிட்டு, அப்பிடியே அங்காலை போயிட்டார்.

பிறகு சண்டைக் காலம். வானத்திலை ஒரு வெளிச்சம் தெரிஞ்சால் சுடுவாங்கள் எண்டு குண்டு விடுறது நிண்டு போச்சு. முப்பது வருஷம். சனத்துக்கு அது கவலை. உண்மையைச் சொன்னால் பிள்ளை, எழுதாதேங்கோ, அந்த ஒரு விஷயத்திலை எனக்கு அந்தக் காலம் பறவாயில்லை. ஒருத்தரும் ஏத்தேல்லைத் தானே.

சண்டை முடியத் திரும்பத் தொடங்கிச்சினம். லண்டனிலை இருந்து ஆக்கள் வந்தினம், வெய்யில் கண்ணாடியோடை. வானத்திலை வண்டு மாதிரி இரைஞ்சு படமெடுக்கிற மெசின் வந்தது. முந்திக் குண்டு கட்டின எல்லாரையும் மேடையிலை ஏத்திப் பொன்னாடை போத்தினவை. எனக்கொரு நோட்டீசு வந்தது, படலையிலை செருகியிருந்தது. பூரணத்தை வீட்டை போய்க் கூட்டி வந்தவை. பசை பூசினவளுக்குப் பொன்னாடை. உங்கடை பட்டியலிலையும் அவளின்ரை பேர் இருக்குத் தானே? இருக்கும். அடுத்து நீங்கள் அங்கை தான் போறியள். பசை பூசினவளின்ரை பேர் இருக்கு. குண்டை ஏத்தினவன்ரை பேர் இல்லை. இது என்ன நியாயம்?

என்ன கேட்டனீங்கள்?

சாம்பலுக்குள்ளை வளையமோ. அதையும் சொல்லிப்போட்டாங்களோ. ஓம், மறுநாள் சாம்பலைக் கிண்டேக்கை ஒரு கம்பி வளையம் கிடந்தது எண்டு ஒரு கதை. குறுக்காலை ரெண்டு கம்பியோடையாம். நான் காணேல்லை. அருளம்பலம் எடுத்துக் கடலிலை எறிஞ்சவன் எண்டு சொல்லுவினம். எறிஞ்சால் எறிஞ்சது தானே, அதை இப்ப ஆர் கண்டது. வாடி எண்டால் கம்பி கிடக்காதோ? மூண்டு மாசம் அதுக்குள்ளை இருந்து குண்டு கட்டியிருக்கிறம், வெட்டி எறிஞ்ச கம்பி கிடக்காதோ?

சரி, குண்டு வளையம் எண்டே வைச்சுக்கொள்ளுவம். என்ரை எண்டு அதிலை எழுதியிருந்ததோ? கீழைத்தெருவாரின்ரை குண்டாய் இருக்கலாம். காத்திலை வந்து விழுந்திருக்கலாம்.

ஓம். சொன்னனான். இப்ப தான் சொன்னனான், அவையின்ரை ஏறேல்லை எண்டு.

பொறுங்கோ. ஒரு நிமிஷம் பொறுங்கோ.

தேத்தண்ணி ஆறிப் போச்சு, குடியுங்கோ. நல்ல பனங்கட்டி.

எழுதினதை வெட்டலாம் தானே? நான் முதல் சொன்னதை வெட்டுங்கோ. மீசைக் கதையையும் வெட்டுங்கோ. இப்பிடி எழுதுங்கோ. அண்டைக்குக் கீழைத்தெருக் குண்டும் ஏறினது. நூற்றெண்பது தாள். வாய் பிடிச்சவர் சபாநாதன் வாத்தியார். பாவம், மனுசனும் போய்ச் சேர்ந்திட்டார், அவர்ரை பிள்ளையள் கனடாவிலை, வாசிச்சால் சந்தோஷப்படுவினம். நல்லாய் ஏறினது எண்டு எழுதுங்கோ. வடிவாய் ஏறினது. பிறகு எந்தப் பக்கம் போனதெண்டு தெரியேல்லை. என்ரை கடல் கண்டது.

ஏன் பேனையை வைச்சிட்டியள்? எழுதுங்கோ. நாப்பத்தஞ்சு வருஷமாய் நான் அவைக்கு விட்டுக் குடுக்காத ஒண்டை இப்ப குடுக்கிறன். அதுக்காவது எழுதலாம் தானே.

ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் தான் போடுவியளோ? உங்கடை படிப்பு அப்பிடிச் சொல்லித் தந்ததெண்டால் சரி, நான் படிக்காதவன், குறுக்கை நிக்கேல்லை. மற்ற ஆள் ஆர்? முருகுப்பிள்ளையர் இல்லை. வாத்தியார் இல்லை. அருளம்பலம் இல்லை. தடி பிடிச்ச பெடியளிலை பாதி இல்லை, மற்றப் பாதி வெளிநாட்டிலை. அண்டைக்கு மேற்குக் கரையிலை வாடிக்குக் கிட்ட நிண்டு, குண்டு எந்தப் பக்கம் வந்ததெண்டு வடிவாய்ப் பார்த்த ஆள் இப்ப ஊரிலை ஒரு ஆள் தான். மூண்டாம் வீடு. பச்சைப் படலை.

போங்கோ. அவளிட்டையே போங்கோ. நான் பயப்பிடேல்லை. நான் சொல்லி நீங்கள் எழுதினதை அவளுக்கு முன்னாலை இருந்து முழுக்க வாசியுங்கோ. இருநூற்றி நாப்பது தாள். கீழைத்தெருவும் ஏறினது. விளக்குத் தட்டுப்பட்டது. கடல் கண்டது. சொன்னது அண்ணை எண்டும் சொல்லுங்கோ. பிழையெண்டால் பிழையெண்டு அவள் சொல்லட்டும். அந்த ஒரு சொல்லு அவளின்ரை வாயாலை வந்தால் என்ரை பேரை வெட்டி விடுங்கோ, மலரும் வேண்டாம், நான் ஒண்டும் கேக்க மாட்டன். என்ன சொன்னவள், எந்தக் குரலிலை சொன்னவள் எண்டு மட்டும் போகேக்கை இதாலை வந்து எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ.

ஒண்டும் சொல்லாமல் இருந்தால் சரியெண்டு தானே அர்த்தம். அப்ப எழுதலாம் தானே.

பேனையைக் கையிலையே வைச்சுக்கொண்டு போங்கோ பிள்ளை. அவள் ஒண்டும் சொல்ல மாட்டாள்.